மருத்துவத்தின் ஐந்தாம் அங்கம்

நோயுற்றவன், நோய் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நான்கு அங்கங்களை உடையது மருத்துவம் என்று, 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவப் பெருந்தகை வகுத்துரைத்தார். நமது காலத்திலே இந்நான்கோடு ஐந்தாவதாக ஓர் அங்கமும் வந்து சேர்ந்துவிட்டது. அதுதான் கருவி. 1816இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் லென்னெக் நெஞ்சொலி கேட்கும் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டார். 1895இல் ஜெர்மானிய அறிஞர் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். இன்றோ கணினியும் கைத்தொலைபேசியும் வைத்தியரின் மேசை மீதே ஏறி அமர்ந்துவிட்டன.

வெள்ளவத்தைக் காலி வீதியிலும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் மாலை வேளைகளில் நடப்போர் சிறு டிஸ்பென்சரிகளைக் காணாதிருக்க முடியாது. ஒரு வைத்தியர், மருந்து கட்டிக் கொடுப்பவர் ஒருவர், நம்பர் துண்டு கொடுக்கும் பிள்ளை ஒருத்தி. அவ்வளவே அங்குள்ள பரிவாரம். பெரிய ஆஸ்பத்திரிகளில் எந்தக் கருவியை வாங்கலாம் என ஆராய்வதற்கென்றே ஆட்கள் உண்டு. சிறு வைத்தியருக்கு அந்த வசதி இல்லை. விற்பனைக்கு வருபவரின் வாய்ச்சாதுரியமே பல வேளைகளில் தீர்ப்பாகிவிடுகிறது. இது வைத்தியரின் பணப்பையோடு மட்டும் நின்றுவிடும் விஷயமன்று; நமது உடம்போடும் மானத்தோடும் தொடர்புடையது. ஆகவே, புதிதாக வரும் ஐந்தாம் அங்கம் பழைய நான்கு அங்கங்களில் எதற்கு என்ன நன்மை செய்கிறது என்று கேட்டுப் பார்ப்போம்.

நோயாளிக்கு

கணினிப் பதிவேட்டின் முதற்பயன், நோயாளி யார் என்பதையும் அவருக்கு முன்னர் நேர்ந்தது யாது என்பதையும் நொடியில் காட்டுவதாகும். ஆனால் நமது தமிழ்ப் பெயர்கள் இங்கே ஒரு சோதனையை உண்டாக்குகின்றன. சண்முகநாதன் என்னும் பெயரின் முதல் ஓசையை ஆங்கிலத்தில் 'எஸ்' மட்டும் இட்டு ஒருவர் எழுதுவார். 'எஸ்', 'எச்' இரண்டும் இட்டு மற்றொருவர் எழுதுவார். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக முன்னே நிற்கும்; கடவுச்சீட்டிலோ முழுப்பெயராகப் பின்னே போய்விடும். இதன் விளைவாக ஒரே மனிதர் கணினியில் இருவராகிறார். பெனிசிலின் ஒவ்வாது என்ற எச்சரிக்கை ஒரு பதிவிலும், அன்றைய சிகிச்சை மற்றொரு பதிவிலும் இருந்தால் ஆபத்து எத்தகையது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

தேசிய அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடலாம் என்பர். சிறு பிள்ளைகளுக்கு அந்த அட்டை இல்லையே! ஆகவே பிறந்த தேதி, தொலைபேசி எண், வைத்தியர் வழங்கும் எண் ஆகிய பலவற்றாலும் தேட வல்லதாகவும், பெயரைத் தமிழிலும் எழுதிக்கொள்ள வல்லதாகவும் உள்ள ஏற்பாடே நமக்கு ஏற்றது. மருந்துறையின் மீது 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்' எனத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுத் தருமாயின் அதன் விலை தகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். அவர் அன்று செய்ததை இன்றைய கணினி செய்யாதிருப்பதற்கு நியாயமில்லை.

வைத்தியருக்கு

கணக்கிடுவதிலே கணினி களைப்பதில்லை. ஆனால் ஐயப்படவும் அதற்குத் தெரியாது. பரசிற்றமோல் மருந்தைக் குழந்தையின் நிறைக்கேற்ப, வேளைக்குக் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். 10 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு அது 150 மில்லிகிராம். தராசு இறாத்தலில் 22 என்று காட்ட, அவசரத்தில் அதனையே கிலோவாகப் பதிந்துவிட்டால் கணினி சற்றும் தயங்காமல் 330 மில்லிகிராம் எனக் கூறிவிடும். கணக்குச் சரி; மருந்து பிழை. வயதுக்கு ஒவ்வாத நிறையைக் கண்டவுடன் நிறுத்தி வினவும் ஏற்பாடு அதில் உண்டா என்பதை வாங்குமுன் சோதித்தறிய வேண்டும்.

இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பாதரசக் கருவிகள் மறைந்து வருகின்றன. பாதரசத்தின் தீமையைக் குறைக்க 2013இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, அத்தகைய கருவிகளின் உற்பத்தியையும் வாணிபத்தையும் 2020ஆம் ஆண்டளவில் நிறுத்தக் கோரியது. அவற்றின் இடத்தில் வரும் மின்கருவிகளுள் முறைப்படி பரிசோதிக்கப்பட்டவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. கைப்பட்டியின் அளவும் முக்கியம். பருத்த கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வேண்டாத குளிசை ஆயுள் முழுவதும் தொடரும். அழகிய திரையுள்ள ஒரு கருவியைவிட, மூன்று அளவுப் பட்டிகளோடு கூடிய எளிய கருவியே மேலானது.

மருந்துக்கு

தடுப்பூசி மருந்துகளையும் இன்சுலினையும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கெட்டதைக் கண்ணால் பார்த்து அறிவது எளிதன்று. 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆந் தேதி பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த சேட்டையால் தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. ஆகவே பணம் குறைவாயின், முதலில் வாங்கத்தக்கது கணினியன்று. குளிர்பெட்டிக்குள் வைக்கும் நல்ல வெப்பமானியும், காலையும் மாலையும் அதனைப் பார்த்துக் குறிக்க ஒரு கொப்பியும், மின்சாரம் நின்றால் மருந்தை எங்கே கொண்டு செல்வது என்ற முன்னேற்பாடுமே முதல் தேவை. விலை சிறிது, காக்கும் உயிர்கள் பல.

உதவியாளருக்கு

எந்தக் கருவியையும் நாள்தோறும் கையாளப் போகிறவர் விற்பனையாளர் அல்லர். நம்பர் கொடுக்கும் அந்தப் பிள்ளைதான். வாங்குமுன் அவளிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்க்காமல் வாங்குதல் அறிவுடைமையாகாது. பழுது நேர்ந்தால் வந்து பார்ப்பவர் யார், அவர் எத்தனை மணி நேரத்தில் வருவார், மின்சாரம் இல்லாதபோது எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி வைத்திருத்தல் இன்றியமையாதது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கணினி முகிலே கப்பம் கேட்கும் கயவரின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலானவை மீளாது அழிந்தன. அக்காலத்துக்குரிய மறுபிரதி இருக்கவில்லை. மென்பொருளும் காலங்கடந்ததாய் இருந்தது. 2017 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளைத் திணறடித்த 'வொன்னாகிரை' என்னும் தாக்குதலும், உரிய காலத்தில் திருத்தம் செய்யப்படாத கணினிகளுக்குள்ளேயே புகுந்தது. மறுபிரதி இருக்கிறது என்ற சொல் போதாது. அதிலிருந்து ஒருமுறையேனும் பதிவுகளை மீட்டெடுத்துப் பார்த்தவரே நிம்மதியாக உறங்கலாம்.

இரகசியம் யாருடையது?

பின்லாந்தில் வஸ்தாமோ என்றொரு மனநலச் சிகிச்சை நிலையம் இருந்தது. அதன் பதிவேட்டைத் திருடிய ஒருவன் 2020 அக்டோபரில், நிலையத்திடம் மட்டுமன்றி நோயாளிகளிடமே தனித்தனியாகப் பணம் கேட்டு மிரட்டினான். ஏறத்தாழ 33,000 பேரின் அந்தரங்கம் களவு போயிற்று. 2021இல் நிலையம் முறிந்தது; 2024இல் குற்றவாளிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. வெளிப்பட்ட அந்தரங்கம் திரும்பி வரவில்லை. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நல விவரங்களைத் தனிக் காவலுக்குரியனவாக வகுத்துள்ளது.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் தாய் தந்தையர் தனித்திருக்க, பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பது இன்று சாதாரணம். 'அம்மாவின் ரிப்போட்டை வாட்ஸப்பில் அனுப்புங்கள் டொக்டர்' என்று அவர்கள் கேட்பது அன்பினாலேதான். ஆயினும் அம்மாவின் சம்மதத்தை முதலில் பெறுவதே முறை. வைத்தியரின் சொந்தக் கைத்தொலைபேசியில் குடும்பப் படங்களுக்கிடையே நோயாளிகளின் அறிக்கைகள் கலந்து கிடப்பதும் நன்றன்று.

விலையுயர்ந்ததே சிறந்ததென எண்ண வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் கொரோனாத் தொற்று வந்தபோது, 'டி.எச்.ஐ.எஸ்.2' என்ற இலவச மென்பொருளை நம் நாட்டவரே திருத்தியமைத்து, விமான நிலையம் வழியாக வந்தவர்களைப் பின்தொடரப் பயன்படுத்தினர். பின்னர் பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. கணினியும் வைத்தியமும் ஒருங்கே அறிந்தோர் நம்மிடையே இருந்தமையே அதற்குக் காரணம். மாணவர்கள் இத்துறையை மனத்திற் கொள்வார்களாக.

குடும்பத்தினர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் உள்ள நோய், உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். வைத்தியரை மாற்றும்போது உங்கள் பதிவின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். பிரதி தர இயலாத ஏற்பாடு, வைத்தியரையும் விற்பனையாளரிடம் சிறைப்படுத்தும் ஏற்பாடேயாகும். நான்கு அங்கங்களுக்கும் தொண்டு செய்யும் வரையில் ஐந்தாவதை வரவேற்போம். அவற்றை ஆள முற்படுமாயின் வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.