எந்திரம் வரட்டும், யார் பெயரில் வருகிறது?

கரூர் மாவட்டத்தில் பழைய பேப்பர் மொத்தமாக வாங்கும் கிடங்கு ஒன்றில் அண்மையில் அரைநாள் உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரை. மேலே ஒரு மின்விசிறி, அதுவும் தராசுக்குப் பக்கத்தில். கீழே ஏழெட்டுப் பெண்கள், சாக்கைக் கவிழ்த்துத் தாள் பிரித்துக் கொண்டிருந்தார்கள். நோட்டுத் தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், அட்டைப் பெட்டி ஒரு பக்கம், பளபளப்பான வண்ணப் புத்தகம் தனி, அலுவலக வெள்ளைத் தாள் தனி.

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா ஒரு தாளை எடுத்தார். கையில் கசக்கி விட்டார். அது மெல்ல விரிந்தது. தூக்கித் தனியாகப் போட்டார்.

"கசக்கினா அப்படியே கிடக்கணும் தம்பி. திரும்ப விரிஞ்சா அது பிளாஸ்டிக் பூசினது. கிழிச்சா ஓரத்துல பஞ்சு தெரியணும். தெரியலைன்னா ஆலையில திருப்பி அனுப்பிடுவாங்க."

எங்கே படித்தீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டோம். "எழுதப் படிக்கத் தெரியாதுங்க. இருபது வருசமா இதுதான் பார்க்குறேன்" என்றார். அவர் கை நிற்கவே இல்லை.

அந்தக் கிடங்கில் இருந்த பெண்கள் எல்லோரும் சேரிப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். எழுத்து நம் தெருவுக்குள் வரக்கூடாது என்று தடுத்து வைத்த நாட்டில், எழுதித் தீர்ந்த தாளைப் பிரிக்கும் வேலை மட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கையின் வேலையைச் செய்யும் கருவி

இதே வேலையை வெளிநாடுகளின் பெரிய கூடங்களில் எந்திரம் செய்கிறது. முதலில், வரிசையாகச் சுழலும் வட்டத் தகடுகள். கலந்து கிடக்கும் தாளை அதன் மேல் கொட்டினால், பெரிய அட்டை மேலேயே நகர்ந்து போகும். சிறிய தாள் இடைவெளியில் கீழே விழும். பிறகு ஓடும் பட்டைக்கு மேலே அகச்சிவப்பு ஒளி பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு பொருளும் அந்த ஒளியைத் தன் தன்மைக்கேற்பத் திருப்பி அனுப்பும். பிளாஸ்டிக் பூசிய தாள் ஒரு விதம், வெள்ளைத் தாள் ஒரு விதம், அட்டை ஒரு விதம். கணினி அதைக் கண்டுகொண்டதும், காற்றுக் குழாய் ஊதி அந்தத் தாளைத் தனித் தொட்டியில் தள்ளிவிடும்.

அந்த அம்மா கசக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இந்த எந்திரம் ஒளியால் தெரிந்துகொள்கிறது. கேள்வி ஒன்றுதான்: இது என்ன தாள், இதில் கலப்பு உண்டா? எந்திரத்துக்குக் காப்புரிமை உண்டு, உரிமையாளர் உண்டு, பெயர் உண்டு. அம்மாவுக்கு நாள் கூலி. அவர் பிரித்ததால் தாளின் விலை கூடுகிறது. அந்தக் கூடுதல் விலை அவர் கைக்கு வருவதில்லை.

காகிதம் பிறந்ததே கழிவிலிருந்துதான். சீனத்தின் சாய் லுன் கி.பி. 105-இல் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கித் தாள் செய்ததாக வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. அச்சடித்த தாளிலிருந்து மையை நீக்கும் முறையை ஜெர்மனியின் யூஸ்டுஸ் கிளாப்ரோத் என்ற சட்ட அறிஞர் 1774-இல் எழுதி வெளியிட்டார். 1800-இல் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வைக்கோலில் தாள் செய்து, அதிலேயே ஒரு புத்தகமும் அச்சிட்டார். இந்த மூன்று பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. லண்டன் தெருக்களில் கந்தல் பொறுக்கிக் கொடுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

இன்று ஆலைகளில் மை நீக்குவது எப்படி? பழைய தாளைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, காரமும் சோப்பும் சேர்த்து, அடியிலிருந்து காற்றுக் குமிழ் விடுவார்கள். மைத்துகள் குமிழோடு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும். நுரையை வழித்து எடுத்தால் வெள்ளைக் கூழ் மிஞ்சும். ஆனால் புத்தகம் ஒட்டும் பசையும், டேப்பும், பிளாஸ்டிக் பூச்சும் கூழில் கலந்துவிட்டால் தாளில் ஓட்டையும் கறையும் விழும். இவ்வளவு பெரிய ஆலை ஓடுவது, கிடங்கில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண் எவ்வளவு சுத்தமாகப் பிரிக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான்.

கரும்புச் சக்கையின் கதை

தாவரக் கழிவைத் தாளாக்கும் பெரிய ஆலை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. புகழூர் அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தமிழக அரசால் தொடங்கப்பட்டு, 1984-இல் உற்பத்திக்கு வந்தது. காட்டு மரத்தை மட்டும் நம்பாமல், கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது அதன் சிறப்பு. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்துத்தான் கொதிகலனை ஓட்டிவந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருள் கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை இந்த நிறுவனம் செய்தது.

சக்கையை அப்படியே கூழாக்க முடியாது. நாரோடு பஞ்சு போன்ற உட்சோறும் சேர்ந்திருக்கும். ஆலையில் இதைப் 'பித்' என்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, தாள் ஓடும்போது நீர் வடியவிடாது. அதனால் சுழலும் சுத்தியல்களும் துளையிட்ட சல்லடையும் உள்ள எந்திரத்தில் சக்கையை அடித்து, பித்தைக் கீழே உதிர்த்துவிடுகிறார்கள். நார் கூழுக்குப் போகிறது, பித் கொதிகலனுக்குப் போகிறது. எதுவும் வீணாவதில்லை.

இது பெருமைப்பட வேண்டிய தொழில்நுட்பம். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரும்பு வெட்டும் கைகளில் பெரும்பாலானவை நிலமற்ற கூலிகளின் கைகள். பூசணம் பிடித்த பழைய சக்கையின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு வரும். மருத்துவத்தில் அதற்கு 'பகாசோசிஸ்' என்று தனிப் பெயரே உண்டு. பழைய சக்கை குவிந்து கிடக்கும் எந்த இடத்திலும் முகக்கவசம் முதலில் போய்ச் சேர வேண்டியது சக்கை அள்ளுகிறவருக்கு.

நாம் எந்திரத்துக்கு எதிரிகள் அல்லர்

இதைப் படித்துவிட்டு, எந்திரம் வேண்டாம் என்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாபாசாகேப் அம்பேத்கர் 1945-இல் வெளியான, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்கும் நூலில் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறார். மாட்டைப் போல உழைத்துச் சாகும் வாழ்விலிருந்து மனிதனை மீட்பது எந்திரம்; அது தரும் ஓய்வில்தான் படிப்பும் பண்பாடும் வளரும் என்பது அவர் வாதம். எந்திரத்தால் வரும் கேட்டுக்குக் காரணம் எந்திரம் அல்ல, அதன் பலனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ள இடம் தரும் சமூக ஏற்பாடே என்றும் அவர் சொன்னார். குப்பையைக் கையால் கிளறும் வேலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

நடப்பது வேறு. நாம் அறிந்த இன்னொரு கிடங்கில் ஓடும் பட்டையும் கட்டு போடும் எந்திரமும் வந்தன. பன்னிரண்டு பெண்கள் இருந்த இடத்தில் நான்கு பேர் மிஞ்சினார்கள். எந்திரம் ஓட்ட வெளியிலிருந்து ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். எது எந்தத் தாள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பெண்கள்தான். சொல்லிக் கொடுத்த பிறகு எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுவிட்சைப் போடவும் நிறுத்தவும் கற்றுக் கொடுத்திருந்தால் அவர்களில் ஒருவர் ஓட்டியிருக்க மாட்டாரா?

வேறு வழி உண்டு என்று புனே காட்டியிருக்கிறது. அங்கே காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-இல் சங்கம் கட்டினார்கள். 'காகத காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்' என்ற அதன் பெயரிலேயே காகிதம் இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். மாநகராட்சியின் ஒப்புதலோடு அடையாள அட்டை பெற்றார்கள். பின்னர் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு உருவாகி, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பணியை 2008-இல் மாநகராட்சியிடமிருந்து பெற்றது. பிரித்த பொருளை விற்கும் காசு பிரித்தவருக்கே.

கண்டுபிடிப்பு என்றாலே பெரிய படிப்பு என்று நம் பிள்ளைகள் ஒதுங்கவும் வேண்டாம். மதுரை மேலக்கால் கிராமத்து முருகேசன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வாழை மட்டை நாரைக் கயிறாகத் திரிக்க, சைக்கிள் சக்கர வளையத்தையும் கப்பியையும் வைத்து எந்திரம் செய்தார். வயலில் எரித்துக்கொண்டிருந்த மட்டை கயிறாகி, கூடையாகி, பல பெண்களுக்கு வேலையானது. தொழிலின் சிரமத்தை அறிந்த கைதான் கருவியையும் யோசிக்கும்.

எனவே நாம் கேட்பது இதுதான். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோரை அடையாளம் கண்டு பணியில் இணைக்கச் சொன்னன. மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 முதல் அவர்களும் சேர்க்கப்பட்டுள்ளனர். நம் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் எத்தனை பேர் பெயர் பதிவாகியிருக்கிறது? கிராமசபையில் எழுந்து கேளுங்கள். பிரிக்கும் எந்திரம் வரும் இடத்தில், ஏற்கெனவே பிரித்தவர்களுக்கே முதலில் பயிற்சியும் வேலையும் தரவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-இல் தொடங்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொடங்கும் தொழிலுக்கு 35 சதவீத மூலதன மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் தம்பி தங்கைகளே, ஒரு நாள் ஏதாவதொரு பேப்பர் கிடங்குக்குப் போங்கள். அந்த அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் செய்யப்போகும் எந்திரத்துக்கு அதுதான் முதல் பாடம். அந்த எந்திரத்தின் உரிமைப் பத்திரத்தில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.