நாலு உருளைக்கிழங்கு விலையுள்ள தபால் தலை

தபால் தலையின் விலையைக் காசில் குறிப்பதே உலக வழக்கம். உருளைக்கிழங்கில் விலை குறித்த தபால் தலையும் ஒன்று உண்டென்றால் வாசகர்களுக்கு வியப்பாயிருக்கும்.

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே டிரிஸ்டன் ட குன்யா என்னும் எரிமலைத் தீவு இருக்கிறது. ஜனங்கள் நிரந்தரமாக வாழும் மிகச் சமீபத்திய தீவாகிய ஸெயின்ட் ஹெலினாவே சுமார் 2,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது! கப்பல் வருவது அபூர்வம். பணத்துக்கு அங்கே முன்பு வேலை குறைவாயிருந்தது. அப்போது உருளைக்கிழங்கே முக்கிய உணவு, அதுவே செல்வமாயும் இருந்தது.

இத்தீவுக்கெனத் தனித் தபால் தலை இல்லாதிருந்தது. 1946-ல் தீவினர் அதை வேண்டிப் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு விண்ணப்பித்தார்கள். முன்பு நார்வே ஆராய்ச்சிக் குழுவுடன் சென்று தீவை அளந்தவரான ஆலன் கிராபோர்டு மாதிரித் தலைகளை வரைந்து கொடுத்தார். அவற்றுள் பெங்குவின் படம் போட்ட தலையில் 'ஒரு பென்னி' என்பதோடு 'நாலு உருளைக்கிழங்கு' என்றும் விலை குறித்திருந்தது. காசைக் காணாதவர்களும் கிழங்கின் மதிப்பை அறிவார்கள் அல்லவா?

விண்ணப்பம் உடனே பலிக்கவில்லை. 1952 ஜனவரி முதல் தேதியன்றுதான் ஸெயின்ட் ஹெலினாவின் தலைகள்மீது தீவின் பெயரை அச்சிட்டு வெளியிட்டார்கள். சொந்தச் சித்திரங்களோடு கூடிய தலைகள் 1954-ல் வந்தன.

1961-ல் எரிமலை குமுறவே, தீவினர் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நகர வாழ்வின் வசதிகள் அவர்களைப் பிணிக்கவில்லை; 1963-ல் பெரும்பாலோர் தாய்மண்ணுக்கே திரும்பினர். சில நூறு பேரே வாழும் அத்தீவுக்கு, கடல் இறாலோடு தபால் தலையும் இன்று வருவாய் தருகிறது. நாலு கிழங்கை விலையாகக் குறித்துக் கேட்ட உரிமை வீண்போகவில்லை!