மெழுகு பென்சிலும் இரண்டு இசைத்தட்டுகளும்

ஹிப்-ஹாப் இசையின் தொடக்கத்தைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது அதை உருவாக்கியவர்களின் வயது. ஏறக்குறைய எல்லாரும் நம் மாணவர்களின் வயதினர், அல்லது பள்ளியை அப்போதுதான் முடித்தவர்கள்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. புதிய கல்வியாண்டுக்குத் துணி வாங்கப் பணம் சேர்க்க, சிண்டி கேம்ப்பெல் என்ற மாணவி அங்குள்ள பொதுக்கூடத்தில் நடன விருந்து வைத்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். வயது 18. ஜமைக்காவில் பிறந்த இவரே பின்னாளில் புகழ்பெற்ற கூல் ஹெர்க்.

ஹெர்க் ஆடுபவர்களைக் கவனித்தார். பாட்டும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி, தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே பலர் காத்திருந்தார்கள். நாதசுரக் கச்சேரியில் தவில் தனித்து முழங்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடிகளை நீட்ட, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்தார். ஒன்றில் தாளப்பகுதி முடிந்ததும் மற்றொன்றில் அதே பகுதி தொடங்கும். இடையிடையே அவருடைய நண்பர் கோக் லா ராக் ஒலிவாங்கியில் நண்பர்களின் பெயர்களைச் சொல்லி உற்சாகப்படுத்துவார். ராப் வளர்ந்தது இந்தப் பேச்சிலிருந்துதான்.

ஹெர்க் முள்ளைக் கண்ணளவில் வைத்ததால் தாளம் சில நேரம் தப்பும். அதைச் சரிசெய்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். இயற்பெயர் ஜோசப் சாட்லர், தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். தாளப்பகுதி தொடங்கும் இடத்தை இசைத்தட்டில் மெழுகு பென்சிலால் குறித்தார். எத்தனை சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று எண்ணினார். அடுத்த தட்டைத் தான் மட்டும் முன்கூட்டிக் கேட்க ஒரு சுவிட்ச் அமைத்தார். தட்டு வழுக்கிச் சுழல, கஞ்சி போட்ட ஃபெல்ட் துணியை அடியில் வைத்தார்.

கணித ஆசிரியர்களுக்கு இதில் நல்ல கணக்கு இருக்கிறது. நெடுந்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும்; ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. ஒன்பது நொடித் தாளத்தை மீண்டும் தொடங்க எத்தனை சுற்று திருப்ப வேண்டும்? ஐந்து என்ற விடையைவிட, இதை ஒருவர் இருட்டில், கூட்டத்தின் நடுவே விரலால் செய்தார் என்பதைத்தான் என் மாணவர்கள் ரசித்தார்கள்.

பள்ளிகளில் இசை வகுப்புகள் வெட்டப்பட்டதால்தான் ஹிப்-ஹாப் பிறந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. நகரத்தின் நிதி நெருக்கடி முற்றி, ஆசிரியர்கள் பெருமளவில் வேலையிழந்தது 1975இல். ஹெர்க்கின் விருந்து அதற்கு முன்பே நடந்துவிட்டது. விரைவுச் சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்த பகுதிதான் பிராங்க்ஸ், மறுக்கவில்லை. ஆனால் ஹெர்க்கிடம் தந்தையின் ஒலிபெருக்கி இருந்தது. ஃப்ளாஷின் தந்தையிடம் இசைத்தட்டுகள் குவிந்திருந்தன. மகனுக்குத் தொழிற்கல்வியும் கிடைத்தது. இல்லாமையை மட்டும் சொன்னால் இவையெல்லாம் மறைந்துபோகும்.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளிவந்து உலகமெங்கும் விற்றது. பாடியவர்கள் அண்டை மாநிலமான நியூஜெர்சியில் ஒரு நிறுவனம் புதிதாகச் சேர்த்த மூவர். ஹெர்க்கும் ஃப்ளாஷும் அந்தத் தட்டில் இல்லை.