திருவிழா மேடையில் சொந்தப் பாட்டு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், அவ்வளவுதான். கூத்தில் பாடியது எந்தப் படத்திலும் வராத பாட்டு. வாத்தியார் வாய்வழியாகக் கற்றுத் தந்தது. நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து ஊர் வழக்கையும் இழுத்துப் பேசுவான்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. நம் கிராமங்களுக்குப் பெட்டி வந்து சேர இன்னும் பல வருஷங்கள் ஆயின. வந்தபின் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் பெட்டி இருந்த வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. திருவிழா மேடையும் மெல்ல மாறி, கூத்துக்குப் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா வந்தது. அந்தக் கலைஞர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரே ராத்திரியில் இளையராஜாவின் பாட்டுகளைக் குரல் கரகரக்கும்வரை அச்சு அசலாகப் பாடியவர்கள் அவர்கள். ஆனால் ஊர் அவர்களிடம் கேட்டது சினிமாப் பாட்டை மட்டும்தான். தானே மெட்டமைத்ததைப் பாடும் துணிச்சல் யாருக்கு வரும்?

அந்தத் துணிச்சலைக் காட்டியதும் டிவிதான். 2007-ல் சன் டிவியின் 'ஊ ல ல லா' இசைக்குழுப் போட்டியில் ஏ.ஆர்.ரஹ்மான் நடுவர். பெங்களூருவின் 'அகம்' குழு கர்நாடக ராகத்தை ராக் கிட்டாரோடு சேர்த்து வாசித்தது. கேபிள் இருந்த வீடுகளில் எல்லாம், இசைக்குழு என்பது இப்படியும் இருக்கலாம் என்பது கண்ணில் பட்டது.

என்னை அதைவிட உலுக்கியது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயரை எடுத்தது பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து. 2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானா, ராப், டிரம்ஸ், கிட்டார்; கூடவே பறை. நம் கிராமங்களில் சாவு வீட்டு வாசலோடு நிறுத்தி வைக்கப்பட்ட பறை அங்கே மேடையின் நடுவில் நின்றது. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் அவர்கள் நேருக்கு நேர் பாடினார்கள்.

அந்தக் கச்சேரிகள் இன்று யூடியூபில், எந்தப் பையனின் செல்போனிலும் கிடைக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், சிலர் சொந்தப் பாட்டு எழுதவும் செய்கிறார்கள். ஆனால் சொந்த ஊர்த் திருவிழா மேடை அவர்களுக்கு இன்னும் கிடைப்பதில்லை. அங்கே சினிமாப் பாட்டு, இல்லையென்றால் டிஜே பெட்டி.

கோயில் நிர்வாகத்தாரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆர்கெஸ்ட்ரா ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பறை அடிப்பவரையும் சேர்த்து. பந்தல், மைக் செட், ஜெனரேட்டர் எல்லாம் அன்றைக்கு எப்படியும் வாடகைக்கு வந்திருக்கும்.