வீட்டு பியர் தயாரிப்பு

வீட்டு பியர் தயாரிப்பு என்பது சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவில் பியரை நொதிக்கவைத்தல் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் இதற்குக் கூட்டரசு அளவில் வழிவிட்டது. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 இல்தான் அனுமதித்தன.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் மால்ட் பாகினை நீரில் கரைத்து, ஹாப் பூக்களுடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பர். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்ககாலாகவும் கார்பனீராக்சைடாகவும் மாற்றுகிறது. ஏல் வகைக்கு 20 பாகை செல்சியசு அளவிலான வெப்பநிலை ஏற்றது. ஆறிய கரைசலைத் தொடும் கலன்கள் யாவும் கிருமிநீக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் பியர் புளித்துவிடும்.

சுவை கெடுவது சிறிய இழப்பே. புட்டியில் அடைப்பதில் காட்டும் அவசரமே ஆபத்தானது. நுரை அடங்குவது நொதித்தல் முடிந்ததற்குச் சான்றன்று. திரவமானி அளவீடு சில நாட்கள் மாறாதிருந்த பின்னரே, நுரைப்புக்கென அளந்த சர்க்கரையைச் சேர்த்து அடைக்க வேண்டும். முன்னரே அடைத்தால் எஞ்சிய சர்க்கரையும் நொதித்து, வளிம அழுத்தத்தால் கண்ணாடிப் புட்டி வெடிக்கக்கூடும்.