எளாவூர் சோதனைச்சாவடியும் நாற்பது லட்சமும்

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும், ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர் சோதனைச்சாவடியில் வண்டிகள் மறிக்கப்பட்டு, 50,000 ரூபாய்க்கு மேல் உரிய ஆவணமின்றிக் கொண்டுசெல்லப்படும் ரொக்கம் பறிமுதல் செய்யப்படுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வாரக் கூலி கொடுக்கப் போகும் ஒப்பந்தக்காரர் வங்கிச் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில், பெருநிறுவன நன்கொடைகள் வங்கிக் கணக்கு வழியே ஓசையின்றிக் கட்சிகளைச் சென்றடைகின்றன.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி செலவுக்கு வரம்பு வேட்பாளருக்கு மட்டுமே உண்டு, கட்சிக்கு இல்லை. தமிழகத்தில் சட்டமன்ற வேட்பாளருக்கான வரம்பு 2022இல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேநீர், பிரியாணி, நாற்காலி, பந்தல் என ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வகுக்க, வேட்பாளரின் செலவு ‘நிழல் பதிவேடு’ எனப்படும் தனிக்கணக்கில் ஏறுகிறது. ஆனால் வேட்பாளரின் பெயரோ படமோ இல்லாத சுவரொட்டி கட்சிக் கணக்குக்குப் போய்விடும். கட்சி தன் வேட்பாளருக்காகச் செய்யும் செலவும் அவர் கணக்கே என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு அத்தீர்ப்பு செயலற்றதாக்கப்பட்டது. 2003இல் அந்த விலக்கு சுருக்கப்பட்டதே தவிர, கட்சியின் பொதுப் பிரசாரம் இன்றும் வரம்புக்கு வெளியேதான் நிற்கிறது.

கம்பெனிகளின் நன்கொடை 1969இல் தடை செய்யப்பட்டு, 1985இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு என்றிருந்த உச்சவரம்பு 2017இல் நீக்கப்பட, அந்த நீக்கத்தையும் தேர்தல் பத்திரத் திட்டத்தையும் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எனினும் இவ்வரம்பு கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவற்றுக்கே பொருந்தும். கூட்டாண்மையாக நடக்கும் பட்டறைக்கோ தனியொருவரின் பழைய இரும்புக் கிடங்குக்கோ பொருந்தாது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஆட்சியாளரை அணுகி முடிவைத் தம் பக்கம் திருப்ப முயலும் தொழிலான ‘லாபியிங்’கை ஒழுங்குபடுத்த இந்தியாவில் தனிச்சட்டமே கிடையாது, அமெரிக்காவிலோ 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாட்சி அரசிடம் லாபி செய்வோர் பதிவு செய்தாக வேண்டும். நில ஒதுக்கீடு, மின் இணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு ஆகிய மாநில முடிவுகளை நம்பியே தொழிற்பேட்டைகள் இயங்குகின்றன. ஊரார் எதிர்ப்புக்கு நடுவே சிப்காட் பூங்கா எழுந்த தேர்வாய்க்கண்டிகையின் விவசாயி திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் அதற்கு எண் உண்டு. தொழிலதிபரின் பிரதிநிதி அமைச்சரைச் சந்தித்தால் மக்கள் பார்க்கக்கூடிய பதிவேடு எதுவுமில்லை.

அப்பதிவேட்டைத் தொடங்க மாநில அரசு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. தேர்தல் செலவிலும் மாநிலத்தின் கைக்கு எட்டும் இடம் ஒன்று உண்டு. சட்டமன்றத் தேர்தல் நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் நடந்தாலும், ஊராட்சித் தேர்தலுக்கு விதி செய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 243கே பிரிவு மாநிலச் சட்டமன்றத்திடமே தந்திருக்கிறது. 2019 டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டத்திலும் நடந்த அத்தேர்தலில், ஆலைகளிடம் வரி வசூலிக்கும் ஊராட்சி உட்பட எந்தக் கிராம ஊராட்சியின் தலைவர் பதவிக்கும் செலவு வரம்பு ஒன்றேதான்: 34,000 ரூபாய்.