ஊலாங் தேநீரும் கடைப் பிள்ளைகளின் நாக்கும்

மளிகைக் கடையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் சரக்கைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. மிளகாயைக் கிள்ளி முகர்வதும், அரிசியில் இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பதும், வெல்லத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதும் அப்பாவின் பக்கத்தில் நின்றே வந்துவிடும். இன்று சரக்கில் பெரும்பகுதி பாக்கெட்டில் வருகிறது. எடை, விலை, தேதி எல்லாம் அச்சாகியிருக்கின்றன. கல்லாவில் உட்காரும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் மொத்தக் கொள்முதலில் மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறாகவும் வருவது மட்டும் நின்றபாடில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னமும் நாக்கும் மூக்கும்தான் வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவர நாம் கண்ட ஒரு வழியை வியாபார அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. அதற்கு உதவிய சரக்கு, நம் கடைகளில் அதிகம் நடமாட்டம் இல்லாத ஊலாங் தேயிலை.

ஊலாங் என்பது தனிச் செடி அல்ல. நாம் விற்கும் டஸ்ட் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வரும் அதே செடிதான். பறித்த இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் புரட்டிப் புரட்டிக் குலுக்குவார்கள். இலையின் ஓரம் நசுங்கிக் காற்றுப் பட்டுச் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். நம் டஸ்ட் தேயிலை முழுக்கக் கறுக்கும்வரை விடப்படுவது. ஊலாங்கைப் பாதியிலேயே சூடு காட்டி நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. அதனால் ஒரே பெயரில் பூ வாசனையுள்ள பச்சை ரகமும் உண்டு, கரியடுப்பில் வறுத்த கறுத்த ரகமும் உண்டு. சீனாவில் ஃபூஜியன் மாநிலத்து அன்ஷியும் வூயி மலையும், குவாங்டொங் மாநிலத்து ஃபீனிக்ஸ் மலையும், தைவான் தீவும் இதற்குப் பேர் போனவை. நீலகிரியிலும் சில எஸ்டேட்டுகளில் ஊலாங் செய்கிறார்கள்.

தைவான் ஊலாங்கின் கதையை வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வியாபாரி அன்ஷியிலிருந்து செடிகளைத் தருவித்து, விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துப் பயிர் செய்ய வைத்தார். 1869-ல் இரண்டு பாய்மரக் கப்பல்களில் 2,131 பிக்கல் தேயிலை, அதாவது ஏறக்குறைய 1,28,000 கிலோ, நியூயார்க்குக்குப் போனது. சரக்கைச் செம்மை செய்து பெட்டி கட்டும் வேலையைத் தைப்பேயிலேயே வைத்துக்கொண்டதுதான் அவருடைய சாமர்த்தியம். அதுவரை தைவான் இலை செம்மை செய்வதற்காகவே கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

குவாங்டொங்கின் சாவ்சோ வட்டாரத்தில் (சிங்கப்பூர்க்காரர்கள் தியோச்சூ என்பார்கள்) ஊலாங் குடிப்பதே கூடிக் குடிப்பதுதான். உள்ளங்கையில் அடங்கும் கூஜா, எலுமிச்சை மூடியளவு கோப்பைகள் மூன்று. எத்தனை பேர் வந்தாலும் கோப்பை மூன்றுதான். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் குடிக்க வேண்டும். ஊற்றுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. சுற்றிச் சுற்றி ஊற்றி, கடைசிச் சொட்டுகளையும் எல்லாவற்றிலும் பங்கிடுகிறார்கள். அடியில் இறங்குவதுதான் கடுப்பு அதிகம் என்பதால் ஒருவருக்கு வெந்நீரும் மற்றவருக்குக் கஷாயமும் ஆகிவிடக் கூடாதல்லவா!

நம் வீட்டுக்கு ஊலாங் வந்தது சிங்கப்பூரிலிருந்து. அங்கே வேலை பார்க்கும் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது மாஸ்க் தெருக் கடை ஒன்றில் இரண்டு தரம் வாங்கி வந்திருந்தார். அந்தத் தெருவுக்குப் பெயர் வந்ததே சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலால்தான். இரண்டும் வறுத்த ரகம், ஒன்று விலை கூடியது, மற்றது சாதாரணம். தாளில் மடித்த பொட்டலத்தைப் பார்த்ததும் நம் கடையில் கடுகு மடித்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

தம்பி மகன் பி.காம். முடித்தவன், தங்கை மகள் பிளஸ் டூ, மைத்துனர் மகன் பன்னிரண்டு வயது. மூவரையும் உட்கார வைத்தோம். கூஜா இல்லாததால் சின்ன எவர்சில்வர் செம்பும் டீ வடிகட்டியும். 5 கிராம் இலை, 120 மில்லி கொதிநீர், அரை நிமிடம். பாலும் சர்க்கரையும் கிடையாது. அதே இலையில் ஆறு தடவை வெந்நீர் விட்டோம். நான்காவதிலிருந்து நேரத்தைக் கூட்டினோம். சிறுவனுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு வாய் மட்டும். ஊலாங்கிலும் காபியில் இருக்கும் காஃபீன் உண்டு. ஆகையால் பிள்ளைகளோடு குடிப்பதைப் பகல் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு விதி வைத்தோம்: வயதில் சின்னவர் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள். "வறுத்த பாசிப்பயறு மாதிரி" என்றான் சிறுவன். மூன்றாவது தண்ணீரில் தங்கை மகள், "மாமா, இப்ப சுட்ட சோளம் போயி புதுப்பானைத் தண்ணி வந்திருக்கு" என்றாள். டஸ்ட் தேயிலை முதல் கொதியிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிடும். ஊலாங் சுருள் கொஞ்சம் கொஞ்சமாக விரிவதால் மாற்றத்தைக் கவனிக்கப் பிள்ளைகளுக்கு அவகாசம் கிடைக்கிறது. பயிற்சிக்கு அதை எடுத்ததற்கு இதுவே காரணம்.

தம்பி மகனுக்கு மட்டும் இதில் பிடிப்பில்லை. "பெரியப்பா, இதெல்லாம் ருசி பார்க்கறவங்க வேலை. கடைக்கு பில்லிங் மெஷின் போதும்" என்றான். கடையை அவன் எடுத்து நடத்துவானா, சென்னைக்கு வேலைக்குப் போவானா என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. நாம் வாதாடவில்லை. மறுநாள் மூன்று டம்ளர் வைத்தோம். இரண்டில் ஒரே தரம், ஒன்றில் மற்றது. வேறானது எது என்று சொல்ல வேண்டும். உணவுத் தொழிற்சாலைகளிலும் கையாளும் சோதனைதான் இது. மைத்துனர் தவறவிட்டார். தம்பி மகன் ஐந்து தடவையில் ஐந்தும் சரியாகச் சொன்னான். தனக்கு அப்படி ஒரு நாக்கு இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் கடைக்கு உதிரி டீத்தூள் மூட்டை வந்தது. எந்த ஊர், யார் என்பது இங்கே வேண்டாம். மாதிரிப் பொட்டலம் டப்பாவில் இருந்தது. நாம் கேட்காமலே அவன் இரண்டையும் எடைபோட்டான். தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கு 1980-ல் வெளியான உலகத் தர முறை ஒன்று இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் மூன்று டம்ளர் வைத்து வேறானதைக் காட்டிவிட்டான். "பெரியப்பா, மாதிரியில சுறுக்குன்னு ஒண்ணு இருக்கு, மூட்டையில நிறம்தான் இருக்கு" என்றான். அனுப்பியவர் முதலில் சத்தம் போட்டார். லாரி ஆள் முன்னிலையில் டம்ளர்களை நீட்டியதும் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மாதிரியைப் பத்திரப்படுத்தாவிட்டால் இதில் ஒன்றும் நடக்காது. தேயிலை வாசனையையும் ஈரத்தையும் இழுக்கும் சரக்கு. பெருங்காயம், சோப்பு, ஊதுபத்தி பக்கத்தில் மாதிரியை வைத்தால் பிறகு யாரையும் கேள்வி கேட்க முடியாது. காற்றுப் புகாத தகர டப்பா, வந்த தேதி எழுதிய சீட்டு இரண்டும் அவசியம். ஃபூஜியன், தைவான் வியாபாரிகள் இருப்பில் ஈரம் ஏறிய ஊலாங்கை மறுபடி மெதுவாக வறுத்துச் சரிசெய்கிறார்கள். நம் டஸ்டுக்கு அந்த வைத்தியம் கிடையாது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: ஒரு தடவைக்கு 5 கிராம் என்றால் 100 கிராம் பொட்டலம் இருபது உட்காரலுக்கு வரும். ஊலாங் கிடைக்காத ஊரில் முழு இலையாக உள்ள நீலகிரித் தேயிலையில் ஆரம்பிக்கலாம். அது மூன்று தண்ணீர் தாங்கினாலே அதிகம்; ஆனாலும் மூன்று டம்ளர் சோதனைக்குக் குறையில்லை.

தம்பி மகன் இப்போது காலையில் கடையில்தான் இருக்கிறான். சென்னைப் பேச்சு இன்னும் முடிந்துவிடவில்லை. தங்கை மகள் அடுத்த விடுமுறைக்கு மூன்று ஊர்ச் செக்கு நல்லெண்ணெய் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.